நாலு பேர் குறை சொல்லுவாங்கன்னு தெரிஞ்சும் மேடையில பாடுற தைரியம் எப்படி வரும்?

கேள்வியைப் பார்த்ததும் உங்களை யாரோ ஏற்கனவே ஏதோ சொல்லிட்டாங்கன்னு தோணுச்சு. சும்மா வர்ற பயம் இப்படிக் கேக்க வைக்காது.

எனக்கு அப்போ 19 வயசு. வீட்டு விசேஷத்துல பாடச் சொன்னாங்க. பின்னணி இசை ட்ராக் கிடையாது, கையில பாட்டு எழுதின பேப்பர், அது நடுங்குற சத்தம் மைக்ல படபடன்னு கேக்குது, வாய் காஞ்சு நாக்கு மேல ஒட்டிக்குது, எப்படியோ பல்லவி போயிடுச்சு, சரணத்துல மேல போற இடத்துல குரல் உடைஞ்சு நின்னுட்டேன். இறங்கினதும் சொந்தக்காரர் ஒருத்தர், கொஞ்சம் சங்கீதம் தெரிஞ்சவர், எல்லார் முன்னாடியும் "இந்தக் குரலை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கும்மா மைக்கு"ன்னார். 6 வருஷம் பாடல. வீட்டுல தனியா இருக்கும்போது கூட பாடல.

இதுக்குப் போய் 6 வருஷமான்னு கேக்குறவங்களுக்கு, அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 1967ல நியூயார்க் சென்ட்ரல் பார்க் கச்சேரியில பாட்டு வரி மறந்துட்டாங்க. அந்த பயத்துலயே பல வருஷம் மேடையைத் தவிர்த்து, 1994லதான் பெரிய டூர் போனாங்க. அவங்களுக்கே அப்படின்னா நான் எம்மாத்திரம்.

அப்புறம் ஒரு நாள் அந்த விசேஷத்தோட வீடியோ கையில கிடைச்சுது. பல்லவி நல்லாத்தான் இருந்துச்சு! பதட்டத்துல சுருதியை ஒரு கட்டை, அதாவது ஒரு படி, ஏத்தி எடுத்திருக்கேன், அவ்வளவுதான், அதனாலதான் சரணம் எட்டல. அந்தச் சொந்தக்காரர் "சுருதியைக் குறைச்சு எடும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த 6 வருஷம் மிச்சம். விமர்சனமே கூடாதுன்னு நான் சொல்ல வரல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. எங்க தப்புன்னு சொன்னா நோட்டுல எழுதி வச்சுக்குவேன். "குரலே சரியில்ல"ன்னா அதுல நான் எதைத் திருத்துறது?

நெஞ்சு படபடக்குறது நிக்கவே நிக்காதுங்க, அது அட்ரினலின். 2014ல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தோட ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, கரோக்கே, அதாவது பின்னணி இசையை ஓடவிட்டு, பாடுறதுக்கு முன்னாடி "பதட்டமா இருக்கு"ன்னு சொன்னவங்களைவிட "உற்சாகமா இருக்கு"ன்னு சொன்னவங்க நல்லா பாடியிருக்காங்க. எல்லாருக்கும் பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், எனக்கு உதவுச்சு. முதல்ல 2 பேர் முன்னாடி பாடினேன், அப்புறம் 10 பேர். பேப்பரைக் கையில வச்சுக்காம ஸ்டாண்டுல வச்சேன்.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லியே ஆகணும். சவுண்டு பாக்குற அண்ணன்களே, பாடுறவங்க பக்கம் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் திருப்பி வைங்க. எங்க குரல் எங்களுக்கே கேக்கலைன்னா சுருதி எப்படி நிக்கும்? வைக்காம விட்டுட்டு கடைசியில பாட்டுக்காரிக்குத்தான் கெட்ட பேரு.

25 வயசுல அதே பாட்டைத் திரும்ப மேடையில பாடினேன், ஒரு கட்டை இறக்கி. அவரும் வந்திருந்தார். சரணத்துல அந்த இடம் வந்தப்போ அவர் பக்கம் பாக்கல, கண்ணை மூடிக்கிட்டேன். குரல் உடையல.