முதல் ஓவியத்தை வாங்குவதற்கு முன்

கேள்வி: திருச்சியில் வங்கிப் பணியில் இருக்கிறேன். நம் நாட்டு ஓவியர்களின் படைப்புகளைச் சிறிது சிறிதாகச் சேர்க்க விரும்புகிறேன். ஆண்டுக்கு 40,000 ரூபாய் ஒதுக்க இயலும். எங்கே தொடங்குவது? அசல் என்பதை எப்படி அறிவது? சிங்கப்பூரில் வாழும் மகளுக்குப் பின்னாளில் கொடுத்தனுப்ப முடியுமா?

பதில்: முதல் ஆண்டு எதையும் வாங்காதீர்கள், அந்த ஓராண்டைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். அவசரப்பட்டு வாங்கிய முதல் படம் இரண்டே ஆண்டுகளில் கட்டிலுக்கடியில் போய்விடுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

பார்க்கத் தொடங்க ஏற்ற இடம், சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமம். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும், பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி உருவாக்கிய ஊர் அது. அங்கே 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சென்னைக் கலை இயக்கத்தின், அதாவது சென்னை ஓவியர்களும் சிற்பிகளும் வளர்த்த நவீன கலைப் போக்கின், முக்கியமான படைப்பாளிகளை ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் ஒரே நாளில் பார்த்து முடிக்காமல், ஆறு மாத இடைவெளியில் இருமுறை செல்லுங்கள். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டங்களும் கணக்குகளும் எழுத்தைப் போலவே தோன்றி எதையும் சொல்லாத கிறுக்கல்களும் நிறைந்திருக்கும். முதல் முறை அவற்றைப் படிக்க முயல்வீர்கள். இரண்டாம் முறை, படிப்பதை விட்டுவிட்டு அவை வண்ணப் பரப்பில் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கத் தொடங்குவீர்கள். அந்த மாற்றம் கண்ணுக்கு நேர்ந்த பிறகு வாங்கினால் போதும்.

உங்கள் தொகைக்கு, பெயர் பெற்ற மூத்த ஓவியரின் கித்தான் (கேன்வாஸ்) ஓவியம் கிடைக்காது; அந்த ஆசையை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, தாளில் செய்த படைப்புகளை நாடுங்கள். இதை மலிவான மாற்று வழியாக நான் சொல்லவில்லை. உங்கள் திருச்சி மாவட்டத்தில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் கறுப்பு மையால் வரைந்த கோட்டோவியங்களைப் பார்த்தவர்கள், தாளும் பேனாவும் எவ்வளவு தாங்கும் என்பதை அறிவார்கள். கோட்டோவியத்தில் ஓவியரின் கை தடுமாறினாலும் தெளிந்தாலும் தெரிந்துவிடும். மறைப்பதற்கு வண்ணம் இல்லை. வாழும் ஓவியர்களின் சிறிய கோட்டோவியமோ நீர்வண்ணமோ உங்கள் தொகைக்குள் நிச்சயம் அமையும். கும்பகோணம், சென்னை ஆகிய இரு ஊர்களின் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் காட்சிகளுக்கும், சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள, தேசியக் கலை நிறுவனமான லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்துக்கும் செல்லுங்கள். பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்தும் 'சித்ர சந்தை'யில் ஓவியர்கள் தெருவோரத்தில் நின்று தாங்களே விற்கிறார்கள். வரைந்தவரிடமே பேசி வாங்கும் வாய்ப்பு அங்கே உண்டு.

அடுத்தது அச்சோவியம். செப்பு அல்லது துத்தநாகத் தகட்டிலோ மரப்பலகையிலோ கல்லிலோ ஓவியரே உருவைச் செதுக்கி அல்லது வரைந்து, மையிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் எடுக்கும் அச்சு இது. ஒவ்வொரு தாளும் அசல் படைப்பாகவே கருதப்படும். படத்தின் கீழே பென்சிலால் 7/25 என்பதுபோல எழுதியிருந்தால், 25 பிரதிகளில் இது ஏழாவது என்று பொருள். ஓவியரின் கையொப்பமும் பென்சிலிலேயே இருக்கும். உலோகத் தகட்டிலிருந்து எடுத்ததானால், தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் தாளில் பெரும்பாலும் விரலுக்குத் தட்டுப்படும். இதற்கு மாறாக, ஒரு ஓவியத்தைப் படம்பிடித்துக் கித்தானில் டிஜிட்டல் முறையில் அச்சிட்டு, மேலே தூரிகைத் தடம் தெரியும்படி பசை பூசி விற்பதும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இயந்திர அச்சின் நுண்புள்ளிகள் தெரிந்துவிடும். அந்தக் கண்ணாடி ஒன்றைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் கல் அச்சுப் படங்களைச் சேர்க்க விரும்பினாலும் இதே எச்சரிக்கை வேண்டும். பிற்கால மறு அச்சுக்குச் செயற்கையாகப் பழுப்பேற்றிப் பழையது என்று சொல்வார்கள்.

விற்பவர் தரும் நம்பகச் சான்றிதழ் ஒன்றையே நம்பிவிடாதீர்கள். அதுவும் அச்சிடக்கூடிய தாள்தான். படைப்பின் பெயர், அளவு, ஊடகம், ஆண்டு, விலை ஆகியவை எழுதிய ரசீதும், வாழும் ஓவியரானால் அவரே கையொப்பமிட்ட ஒரு வரிக் கடிதமும் பெறுங்கள். வருமான வரிச் சட்டம் ஓவியங்களைச் சொந்த உபயோகப் பொருளாகக் கருதுவதில்லை என்பதால், பின்னாளில் விற்று இலாபம் வந்தால் வரி உண்டு. அப்போதும் அந்த ரசீது வேண்டும். முதலீடாக எண்ணி வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. இளம் ஓவியரின் படைப்பை மறுவிற்பனை செய்வது எளிதன்று.

வாங்குவதைவிடக் கடினமானது காப்பது. நம் ஊர் ஈரமும் வெயிலும் ராமபாணப் பூச்சியும் தாளுக்குப் பகை. சட்டமிடும் (ஃபிரேம் போடும்) கடையில் தாளை அட்டையில் ஒட்டவோ செல்லோ டேப் போடவோ அனுமதிக்காதீர்கள். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை அமிலமற்றதாகக் கேட்டு, தாள் கண்ணாடியைத் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைநீர் ஊறும் வெளிச்சுவரும், சாம்பிராணிப் புகை படியும் பூஜையறைப் பக்கமும் வேண்டாம். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று புகும். ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் கழற்றிப் பாருங்கள்.

மகளுக்குக் கொடுப்பதைப் பற்றி: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், ரவீந்திரநாத் தாகூர் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது, நாட்டுக்குள் வாங்கலாம், விற்கலாம். நூறாண்டு கடந்த ஓவியங்களும் தொல்பொருளாகிவிடும் என்பதால் அவற்றையும் வெளியே அனுப்ப முடியாது. வாழும் ஓவியரின் படைப்புக்கு இந்தத் தடை இல்லை. ஆனாலும் சுங்க அதிகாரி கேட்கக்கூடும் என்பதால், தொல்பொருள் அன்று என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெற்று, ரசீதுடன் சேர்த்து அனுப்புங்கள். கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிவிட்டு, இரு அமிலமற்ற அட்டைகளுக்கிடையே தாளைத் தட்டையாக வைத்துக் கட்டினால் பயணத்தில் சேதமாகாது. சட்டத்தை அவர் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும்.