பலூஸ் கோதுமைக் குன்றுகளில் புகைப்படப் பயிலரங்கு: கேள்வி பதில்

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் பலூஸுக்கு முதலில் மாணவனாகவும், பிறகு வழிகாட்டிக்கு உதவியாளனாகவும் பல கோடைகள் போய்வந்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எந்த மாதம் போகலாம்?

பச்சை வேண்டுமா, பொன்னிறம் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மே கடைசியிலிருந்து ஜூன் வரை பயிர் பச்சையாக நிற்கும். ஜூலை கடைசியில் அறுவடை தொடங்கி ஆகஸ்டில் மும்முரமாகும். அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியில் மாலை வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் மனம் ஜூன் பக்கம்தான். ஆனால் அப்போது ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகும். மதியம் தூங்க நேரம் விடாத பயிலரங்கில் சேராதீர்கள். மூன்றாம் நாள் கேமராவைத் தூக்கவே கை வராது.

வெறும் வயல்தானே, ஒரு வாரம் எடுக்க அங்கே என்ன இருக்கிறது?

அந்தக் குன்றுகள் பாறை அல்ல. பனியுகக் காலத்தில் காற்று அள்ளிவந்து குவித்த நுண்மண், லோயஸ் என்பார்கள். அதனால்தான் மடிப்புகள் அவ்வளவு வழவழப்பாக இருக்கின்றன. சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் இருக்கும்போது ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். வெயில் உச்சிக்கு ஏறினால் அதே இடம் தட்டையாகிவிடும். நடுவே ஸ்டெப்டோ பியூட் என்ற, குவார்ட்சைட் எனும் கெட்டிப் பாறையாலான பழைய குன்று மட்டும், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், தனியாக நிற்கிறது. கார் உச்சி வரை போகும். அங்கிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் அலைதான். ஒரே மடிப்பை ஐந்து நாள் எடுத்திருக்கிறேன், இரண்டு படம் ஒன்றுபோல் வந்ததில்லை.

எந்த லென்ஸ் கொண்டுபோவது?

70-200 மி.மீ. லென்ஸ் கட்டாயம், 100-400 இருந்தால் இன்னும் நல்லது. எண் பெரிதாக ஆக லென்ஸ் தூரத்தை அருகே இழுக்கும், அதைத்தான் நீள லென்ஸ் என்கிறேன். தூரத்துக் குன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுவது நீள லென்ஸ்தான். வெயில் ஏறியபின் நிலத்திலிருந்து எழும் கானல் நீள லென்ஸில் எல்லாவற்றையும் குழைத்துவிடும். அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

என்னிடம் 24-70 மட்டும்தான் இருக்கிறது.

சாலையோரக் களஞ்சியங்களுக்கு அது போதும். குன்றுகளுக்கு ஒரு நீள லென்ஸை வாடகைக்கு எடுங்கள்.

16-35 போதுமா?

போதாது, அது அகலக் காட்சிக்கான லென்ஸ். காரணம் மேலே இருக்கிறது.

நல்ல கோணத்துக்காகப் பயிருக்குள் பத்தடி போனால் என்ன நஷ்டம்?

போகக் கூடாது. அது ஒருவருடைய நிலம், ஒருவருடைய வருமானம். கதிர் விடும் பருவத்தில் மிதித்து ஒடித்த பயிர்த்தாள் திரும்ப நிமிராது. உங்கள் பத்தடித் தடத்தைப் பார்த்து அடுத்தவர் அதே வழியில் போவார், ஒரு வாரத்தில் அது பாதையாகிவிடும். காலணியில் ஒட்டிய களை விதையும் கூடவே போகும். அறுவடைக் காலத்தில் காரையும் காய்ந்த தாள்மேல் நிறுத்தாதீர்கள். அடியிலிருக்கும் சூடான புகைக்குழாயே தீ மூட்டப் போதும்.

உழவரின் வண்டியே உள்ளே போகிறதே? நாங்கள் நடந்தால் மட்டும் குற்றமா?

இதே வாதத்தை இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள், மூவருக்கும் சேர்த்தே பதில். அவர் வண்டி போவது அவர் கணக்கு: எங்கே சக்கரம் பட வேண்டும், எவ்வளவு இழப்பைத் தாங்கலாம் என்று தீர்மானித்துவிட்டு இறங்குகிறார். உங்கள் காலடி அந்தக் கணக்கில் இல்லை. “பணம் கட்டி வந்திருக்கிறோம்” என்றார் அவர்களில் ஒருவர். பணம் கட்டியது வழிகாட்டிக்கு, நிலத்துக்காரருக்கு இல்லையே. ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் தடுத்தும் கேட்காமல் உள்ளே இறங்கினார். மறுநாள் அந்த உழவர் வயலோரப் பாதைக்குக் குறுக்கே சங்கிலி கட்டிவிட்டார். அதற்கு முன்பு வரை எங்களைப் பார்த்துக் கையசைத்தவர் அவர். அந்தப் பாதையிலிருந்து யாரும் இன்று படம் எடுக்க முடியாது. எனக்கு இன்னும் ஆறவில்லை. இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேளுங்கள். பலர் சரி என்பார்கள்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவர் எடுத்த படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், தனியார் நிலத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறாரா, உங்களுக்குச் சொல்லித்தரும் நேரத்தில் தானே படம் எடுத்துக்கொண்டிருப்பாரா என்று கேளுங்கள். ஆறேழு பேருக்கு மேல் என்றால் நான் சேர மாட்டேன்.

ட்ரோன்?

ஸ்டெப்டோ பியூட் மாநிலப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிடக் கூடாது.

விசா, விமானச் செலவு?

என் துறை இல்லை, பயண முகவரைக் கேளுங்கள்.

18-55 லென்ஸ் மட்டும் வைத்து…

லென்ஸ் பற்றி இது நான்காவது கேள்வி. முதல் பதிலைப் படியுங்கள்.

போலரைசர் (லென்ஸ் முன் மாட்டும் ஒளி வடிகட்டி) வேண்டுமா?

வேண்டும். ஈரப் பயிரின் பளபளப்பைக் குறைத்துப் பச்சையை ஆழமாக்கும். அகல லென்ஸில் மட்டும் கவனம்: வானத்தின் ஒரு பக்கம் கருத்து, மறுபக்கம் வெளுத்துப் போகும். அப்போது கழற்றிவிடுங்கள்.