கேளுங்கள், சொல்கிறேன்: டிராம் வண்டியும் சரக்குக் கூலியும்

பதில் சொல்பவர்: காரைக்குடியைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற ரயில்வே கூட்ஸ் கிளார்க்

கேள்வி: எங்கள் ஐயா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதியவர். அவருடைய நோட்டில் ‘டிராம்’ என்று ஒரு செலவும் ‘வண்டிச் சத்தம்’ (மாட்டு வண்டிக் கூலி) என்று வேறொரு செலவும் இருக்கின்றன. மூட்டையையும் டிராமிலேயே ஏற்றியிருக்கலாமே? அந்தக் காலத்து மின்சார டிராம் கம்பெனிகள் இஷ்டத்துக்குக் கூலி வாங்கினார்களா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதலில் அந்த நோட்டைச் செல்லரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆச்சி. நம்மவர்கள் கொண்டுவிற்கப் போன ஊர்களிலெல்லாம் மின்சார டிராம் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வந்தது. சிங்கப்பூரில் 1905, ரங்கூனிலும் பினாங்கிலும் 1906. சென்னை இவற்றுக்கெல்லாம் மூத்தது. அங்கே 1895 மே 7 அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான்.

இஷ்டத்துக்கு வாங்க முடியாது. ரயில் கம்பெனி தனக்கென்று நிலம் எடுத்துப் பாதை போட்டது. டிராம் கம்பெனி போட்டதோ ஊருக்குச் சொந்தமான தெருவில். மாட்டு வண்டியும் ஆளும் போகிற தெருவை ஒருவனுக்கு விடுவதென்றால் நிபந்தனை இல்லாமல் எப்படி விடுவது? இங்கிலாந்தின் 1870-ஆம் வருடத்து டிராம்வே சட்டம் இந்த நியாயத்தில்தான் எழுந்தது. தண்டவாளங்களுக்கு நடுவிலும், இரண்டு பக்கமும் 18 அங்குலம் வரையிலும் தெருவைப் பழுது பார்ப்பது கம்பெனியின் பொறுப்பு. 21 வருடம் கழிந்தால் நகராட்சி விரும்பினால் டிராமை வாங்கிக்கொள்ளலாம். கட்டணப் பட்டியலை ஒவ்வொரு வண்டியின் உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும்.

இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. நான் வேலை பார்த்த கூட்ஸ் ஷெட்டில் மூட்டையைத் தராசில் ஏற்றி எடை சொன்னதுமே வியாபாரி கேட்பது, “எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?” என்றுதான். ரேட் புத்தகத்தைத் திருப்பி அந்த வரியில் விரலை வைத்துக் காட்டுவேன். அதற்கப்புறம் யாரும் சண்டை போட்டதில்லை. எழுதி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்த விலைக்கு ஜனங்கள் கட்டுப்படுவார்கள்.

நம் நாட்டில் 1886-இல் இந்திய டிராம்வே சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி பாதை போட அரசின் ஆணை வேண்டும். எந்தச் சரக்கை ஏற்றலாம், எதை ஏற்றியே தீர வேண்டும், எதை மறுக்கலாம், எவ்வளவு வசூலிக்கலாம் என்பதையெல்லாம் அந்த ஆணையிலேயே எழுதிவிடலாம். ஒரு கூட்ஸ் கிளார்க்கின் கண்ணுக்கு நடுவில் இருக்கிறதே, ‘ஏற்றியே தீர வேண்டும்’ என்பது, அதுதான் முக்கியம். கூலிக்கு உச்சவரம்பு வைத்துவிட்டு, சரக்கை மறுக்கும் உரிமையையும் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்தால் அந்த வரம்பால் என்ன பயன்? லாபமில்லாத மூட்டையை ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்குள் ஓடிய டிராம் பெரும்பாலும் ஆள் ஏற்றவே கட்டியது. தெரு நடுவில் நிறுத்தி அரிசி மூட்டை இறக்கினால் பின்னால் வருகிற டிராம் அத்தனையும் நிற்கும், விலகிப் போக வழி கிடையாது. மாட்டு வண்டி கிட்டங்கி வாசலுக்கே வந்துவிடும். ஐயா இரண்டு செலவாக எழுதியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சென்னை டிராம் துறைமுகத்திலிருந்து ஊருக்குள் சரக்கும் கொண்டுபோனது.

கேள்வி: டிராம் தண்டவாளமும் ரயில் தண்டவாளமும் ஒரே அகலம்தானா?
– கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: நல்ல கேள்வி, தம்பி. சரக்குத் தகராறே அந்த அகலத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரயிலின் வழக்கமான அகலம் 4 அடி 8½ அங்குலம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பல ஊர்களில் டிராமுக்கு 5 அடி 2½ அங்குலம் வைத்தார்கள். ரயில் கம்பெனிகள் சரக்கு வேகன்களை டிராம் பாதை வழியாகத் தெருவுக்குள் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக. பிரிட்டனில் கிளாஸ்கோவிலும் ஹடர்ஸ்ஃபீல்டிலும் நேர் எதிர். அங்கே 4 அடி 7¾ அங்குலம், முக்கால் அங்குலம் குறைவு. ரயில் வேகனின் சக்கர விளிம்பு டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் உருண்டு போக அது தோதாக இருந்தது. ஹடர்ஸ்ஃபீல்டில் நகராட்சியே மின்சார வண்டியில் ஆலைகளுக்கு நிலக்கரி கொண்டுபோய்க் கொடுத்தது.

சட்டப் புத்தகத்தில் எழுதினால் வக்கீல் வைத்து மாற்றிவிடலாம். இரும்பில் எழுதியதை அப்படி மாற்ற முடியாது. அகலப் பாதை வேகனில் வந்த சரக்கை இறக்கி, மீட்டர்கேஜ் வேகனில் மறுபடி ஏற்றி, உடைந்ததற்கும் சிந்தியதற்கும் பதில் எழுதியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கோர்ட்டிலும் இந்தச் சரக்குக் கேள்வி வந்தது. அமெரிக்காவில் ஒமாஹாவும் கவுன்சில் பிளஃப்ஸும் மிசௌரி ஆற்றின் இரு கரையில், இரு மாநிலங்களில் இருக்கிற ஊர்கள். இரண்டுக்கும் இடையே ஓடிய டிராமின் கட்டணத்தைக் குறைக்கும்படி மத்திய வணிக ஆணையம் உத்தரவு போட்டது. 1913-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரக்கு ஏற்றி ஊர்விட்டு ஊர் போகிற ரயிலுக்கான சட்டம் தெரு டிராமுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆற்றைக் கடந்து தினம் வேலைக்குப் போகிறவனுக்கு அது தெரு வண்டியா, ரயிலா என்பதா கவலை?

கேள்வி: கட்டணத்தை ஏற்றவே விடக் கூடாது என்பதுதானே நியாயம்?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: இல்லை, அண்ணே. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் 5 சென்ட் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். முதல் உலகப் போரில் சம்பளமும் நிலக்கரி விலையும் எகிறின, டிக்கெட் அதே 5 சென்ட். கம்பெனிகள் வரிசையாக நொடித்துப்போக, 1919-இல் ஜனாதிபதி வில்சன் இதை ஆராயத் தனி கமிஷனே போட வேண்டியதாயிற்று. வரம்பு வேண்டும், அதைக் காலத்துக்குக் காலம் திருத்த வழியும் வேண்டும். திருத்துகிறபோது கம்பெனியின் கணக்கை ஜனங்கள் முன்னால் பிரித்து வைக்க வேண்டும். கல்கத்தாவில் 1953 ஜூலையில் இரண்டாம் வகுப்புக்கு ஒரு பைசா ஏற்றியதும் ஊரே கொந்தளித்து, கடைசியில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். அன்றாடம் கூலிக்குப் போகிறவன் வீட்டில் அந்த ஒரு பைசாவுக்கும் கணக்கு இருந்தது.

கேள்வி: காரைக்குடிக்கு டிராம் வந்ததுண்டா?
– பள்ளி மாணவி, கோட்டையூர்

பதில்: இல்லையம்மா. மாட்டு வண்டிதான். 1930-இல் புதுக்கோட்டை – மானாமதுரை மீட்டர்கேஜ் பாதை வந்தபோதுதான் காரைக்குடிக்கு ரயிலே வந்தது.