கேள்வி – பதில்: குறி 3 யாரைச் சொல்கிறது?

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காக டிஎன்எஸ் ரிசால்வர் (இணையப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் நிரல்) எழுதுகிறேன். ‘விலை.நெல்கடை.உதாரணம்’ என்ற பெயருக்கு ஏ ரெக்கார்டு (ஐபிவி4 முகவரி) கேட்டால், பதிலில் ஒரு சி-நேம் (‘இதற்கு வேறொரு பெயரைப் பார்’ என்னும் ரெக்கார்டு) வருகிறது. ஆனால் பதில் குறியோ 3, அதாவது என்எக்ஸ்டொமைன் (‘அப்படி ஒரு பெயர் இல்லை’). பெயர் இருக்கிறதா, இல்லையா? கிடைத்த பதில்களைச் சேமிக்கும் கேச்சில் எதை வைப்பது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் கேட்ட பெயர் இருக்கிறது. இல்லாதது, அந்த சி-நேம் கைகாட்டும் பெயர். கல்லணையில் தண்ணீர் திறந்த செய்தி வேறு, கடைமடை வயலுக்கு அது வந்து சேர்ந்த செய்தி வேறு அல்லவா? பதில் குறி சொல்வது கடைமடைச் செய்தி. சி-நேம் சங்கிலியின் கடைசிப் பெயருக்கு உரியதே குறி என்று 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6604 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளைச் சொல்லும் ஆவணம்) ஐயமறச் சொல்லிவிட்டது.

ஆகவே கேச்சில் இரண்டு பதிவுகள் வேண்டும். சி-நேமைக் கேட்ட பெயரின் கீழ், அதன் டிடிஎல் (எத்தனை விநாடி வைக்கலாம் என்ற கெடு) முடியும்வரை வையுங்கள். ‘இல்லை’ என்பதை சி-நேம் காட்டும் இலக்குப் பெயரின் கீழ் வையுங்கள். மாற்றி வைத்தால் என்ன கெடும்? ஆர்எஃப்சி 8020-இன்படி, இல்லாத பெயருக்குக் கீழே எதுவுமே இல்லை. அந்த விதியை உங்கள் ரிசால்வர் கடைப்பிடித்தால், நல்லபடியாக இருக்கும் ‘இன்று.விலை.நெல்கடை.உதாரணம்’ கூடச் செத்துவிடும். தளக்காரர் சி-நேமை வேறு பெயருக்குத் திருப்பினாலும் உங்கள் பயனருக்குத் தெரியாது.

இன்னொன்றிலும் கவனம் வேண்டும். இலக்கு வேறு ஜோனில் (தனி நிர்வாகத்தில் உள்ள பெயர்த் தொகுதியில்) இருந்தால், முதல் சர்வர் அதைப் பற்றிச் சொல்லும் ஏ ரெக்கார்டையும் நம்பாதீர்கள், ‘இல்லை’யையும் நம்பாதீர்கள். சி-நேமை மட்டும் எடுத்துக்கொண்டு, இலக்குப் பெயரைப் புதுக் கேள்வியாக அதற்குரிய சர்வரிடம் கேளுங்கள். தனக்கு உரிமையில்லாத பெயருக்குப் பொய்ப் பதில் சேர்த்து அனுப்புவது, கேச்சில் நஞ்சு கலக்க ஒரு பழைய வழி.

‘அ’ என்பது ‘ஆ’வைக் காட்ட, ‘ஆ’ திரும்ப ‘அ’வையே காட்டுவதும் உண்டு. கடந்து வந்த பெயர்களைக் குறித்துவையுங்கள். தாவலுக்கு 10 போல ஓர் உச்சவரம்பும் வையுங்கள். மீறினால் குறி 2, சர்வ்ஃபெயில் (‘பதில் காண முடியவில்லை’). பயனருக்கு அனுப்பும்போது சி-நேம்களை வரிசை மாறாமல் முதலில், ஏ ரெக்கார்டைக் கடைசியில் வையுங்கள். வரிசை தப்பினால் தடுமாறும் கிளையண்டுகள் இருக்கின்றன. கேட்ட வகையே சி-நேம் என்றால் பின்தொடரக் கூடாது.

கேள்வி: ஐபிவி6 முகவரிக்கான ஏஏஏஏ ரெக்கார்டு கேட்டால் குறி 0 (‘பிழை இல்லை’), பதில் பகுதி காலி. அதன்பிறகு ஏ கேட்டாலும் என் ரிசால்வர் ‘பெயர் இல்லை’ என்கிறது.
– வாசகர், மன்னார்குடி

பதில்: காலிப் பதிலை என்எக்ஸ்டொமைனாக எண்ணிவிட்டீர்கள். இதற்கு நோடேட்டா என்று பெயர்: பெயர் உண்டு, அந்த வகை மட்டும் இல்லை. என்எக்ஸ்டொமைனுக்குக் கேச் சாவி பெயர் மட்டும். நோடேட்டாவுக்குப் பெயரும் வகையும் சேர்ந்தது.

காலியாக இருந்தாலே நோடேட்டா என்றும் முடிவுகட்ட வேண்டாம். பதிலின் அத்தாரிட்டி பகுதியில் எஸ்ஓஏ (ஜோனின் தலைமைப் பதிவு) இல்லாமல் என்எஸ் ரெக்கார்டுகள் (ஜோனுக்குரிய சர்வர்களின் பெயர்கள்) மட்டும் இருந்தால், அது ‘கீழே போய்க் கேள்’ என்ற வழிகாட்டல்.

எத்தனை நேரம் வைப்பது? 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308-இன் கணக்கு: எஸ்ஓஏவின் டிடிஎல், அதன் கடைசிப் புலமான மினிமம், இரண்டில் சிறியது. 3600, 300 என்று இருந்தால் 300 விநாடி. எஸ்ஓஏவே வராவிட்டால் கேச் செய்யாதீர்கள்.

கேள்வி: குறி 2 சர்வ்ஃபெயில், குறி 5 ரெஃப்யூஸ்டு (‘பதில் தர மறுப்பு’) வந்தால் அப்படியே பயனருக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: கூடாது. 2, 5 இரண்டும் அந்த ஒரு சர்வரின் நிலைமை. பெயரைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அதே ஜோனின் அடுத்த சர்வரைக் கேளுங்கள். எல்லாமே கைவிரித்தால்தான் பயனருக்கு சர்வ்ஃபெயில். அந்தத் தோல்வியை 5 நிமிடத்துக்கு மேல் கேச்சில் வைக்காதீர்கள். குறி 1, அதாவது ஃபார்ம்எர் (‘கேள்வியின் வடிவம் புரியவில்லை’), வந்தால் இடிஎன்எஸ் பகுதியை (பின்னாளில் டிஎன்எஸ்ஸில் சேர்ந்த விரிவாக்கத்தை) நீக்கிவிட்டு அதே சர்வரிடம் மறுபடி கேட்டுப் பாருங்கள். பழைய சர்வர்களுக்கு அது புரியாது.

கேள்வி: ‘நெல்கடை.உதாரணம்’ என்ற தலைப்பெயருக்கே சி-நேம் போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியாது. சி-நேம் இருக்கும் பெயரில் வேறு ரெக்கார்டு இருக்கக் கூடாது. ஜோனின் தலையில் எஸ்ஓஏவும் என்எஸ்ஸும் இருந்தே ஆக வேண்டும். மீறிப் போட்டால் மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் தேடுகிறவர்களும் இலக்குப் பெயருக்குப் போய்விடுவார்கள். தலைப்பெயருக்கு ஏ ரெக்கார்டே போடுங்கள். சி-நேமை ‘விலை’ போன்ற துணைப்பெயரில் வையுங்கள்.