சட்டம் மாறாமல் துப்பாக்கி வன்முறையைக் குறைக்க முடியுமா?

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் மாறாதவரை சாதாரண மக்களால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சமல்ல, நிறையவே முடியும்.

சிகாகோவில் 2000-ஆம் ஆண்டு கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் ஒரு திட்டம் தொடங்கினார். வன்முறையும் காசநோய் மாதிரி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுகிறது, சங்கிலியை நடுவிலேயே அறுக்கலாம் என்பது அவர் கணக்கு. இதற்கு அவர் போலீஸை நம்பவில்லை. அதே தெருக்களில் வளர்ந்து, பலர் சிறைக்கும் போய்வந்து, திருந்தியவர்களை வேலைக்கு வைத்தார். ஒருவன் சுடப்பட்டால் இவர்கள் உடனே அவனுடைய நண்பர்களைத் தேடிப் போவார்கள். உபதேசம் கிடையாது. தனியே அழைத்துப்போய், கோபம் தணியும்வரை பேச்சுக் கொடுப்பார்கள். பழிவாங்கல் ஓர் இரவு தள்ளிப்போனாலே பாதி வெற்றி. எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி பலித்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுடப்பட்டு உயிர் பிழைத்தவர்கள் விஷயத்தில் எனக்குப் பிடித்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தின் வழி. அங்கே 1990-களிலிருந்தே, குண்டடிபட்டவர் மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும்போதே ஓர் ஆலோசகர் வந்து பக்கத்தில் உட்காருகிறார். பழிவாங்கும் எண்ணம் முளைப்பது அங்கேதானே! அப்புறம் வீடு திரும்பியதும் மனநல சிகிச்சை, படிப்பு, வேலை, பாதுகாப்பான வேறு வீடு என்று மாதக்கணக்கில் கூட வருகிறார். அரசு தரும் இழப்பீட்டுக்கு மனு எழுதவும் ஆள் வேண்டும்; கட்டுப்போட்ட கையோடு யார் படிவம் நிரப்புவது?