பாராட்டுப் புத்தகம் நிறைந்தது, படம் ஒன்றும் போகவில்லை

கேள்வி: அக்கா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்து முடித்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மூன்று நாள் கண்காட்சி வைத்தேன். 22 படங்கள். நல்ல சனம் வந்தது, கருத்துப் புத்தகம் முழுக்கப் பாராட்டு, ஆனால் ஒரு படம்கூட விற்கவில்லை. பிரேம் போட்ட காசு இன்னும் கடனாக நிற்கிறது. சொந்தக்காரர்கள் “எங்களுக்கும் ஒண்டு கீறித் தாவன்” என்கிறார்கள். அப்பா ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடச் சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஓவியம் விற்க முடியுமா?
– பெயர் வேண்டாம், சுன்னாகம்

பதில்:

தங்கச்சி, முடியும். ஆனால் முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த 22 படங்களுக்கும் பக்கத்தில் விலை எழுதி ஒட்டினீர்களா? உங்கள் கடிதத்தில் மண்டப வாடகை வருகிறது, பிரேம் காசு வருகிறது, படத்தின் விலை மட்டும் எங்கேயும் வரவில்லை. எழுதியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் இங்கே போய்ப் பார்த்த கண்காட்சிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான், படத்தின் பெயர், அளவு, அக்ரிலிக்கா நீர்வர்ணமா என்பதெல்லாம் வடிவாக அச்சடித்து ஒட்டியிருக்கும், விலை இருக்காது. நம் சனம் புடவைக் கடையில் பத்துத் தரம் விலை கேட்கும், ஓவியத்துக்கு முன்னால் நின்று ஒரு தரமும் கேட்காது. கேட்டுவிட்டு வாங்காமல் போனால் கீறின பிள்ளைக்கு மனம் நோகுமே என்று ஒரு கூச்சம், லட்சக்கணக்கில் இருக்கும் என்று தாங்களே நினைத்துக்கொள்வது இன்னொன்று. கடைசியில் புத்தகத்தில் ‘மிகவும் அருமை’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சரி, விலையை எப்படிப் போடுவது? மனம் போன போக்கில் போடாதீர்கள். பலர் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள், அதில் பெரிய படம் வரும்போது விலை எங்கேயோ போய்விடும். தொடங்குகிறவர்களுக்கு நீளத்தையும் அகலத்தையும் கூட்டுகிற கணக்குத்தான் நல்லது. 16க்கு 20 அங்குலப் படம் என்றால் கூட்டினால் 36. அங்குலத்துக்கு 300 ரூபா என்று வைத்தால் 10,800. அதோடு கான்வஸ், வர்ணம், பிரேம் செலவைத் தனியாகச் சேருங்கள். 8க்கு 10 என்றால் 18, அது 5,400. 30க்கு 40 என்றால் 70, அது 21,000. (சதுர அங்குலத்துக்கு 40 ரூபா என்று பார்த்திருந்தால் இந்தப் பெரிய படம் 48,000 ஆகியிருக்கும்.) 300 என்பது நான் உதாரணத்துக்குச் சொன்னது, உங்கள் கைக்கும் நேரத்துக்கும் ஏற்றதை நீங்களே வையுங்கள், ஆனால் வைத்த பிறகு சுன்னாகத்துக்கு ஒரு விலை, கொழும்புக்கு ஒரு விலை, கனடாவுக்கு ஒரு விலை என்று மாற்றாதீர்கள். எல்லாரும் ஒரே வட்ஸ்அப் குரூப்பில்தான் இருக்கிறார்கள், ஒரு நாளில் தெரிந்துவிடும்.

சொந்தக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் கேட்பது கெட்ட எண்ணத்தில் இல்லை, அதற்கு ஒரு விலை உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. “கீறித் தாறன் மாமி, 16க்கு 20 எண்டா இவ்வளவு வரும், உங்களுக்குப் பிரேம் காசு வேண்டாம்” என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். முதல் தரம் நாக்கு எழும்பாது, மூன்றாம் தரம் தானாக வரும்.

இனி, யார் வாங்குவார்கள் என்பது. வெறும் கலைக்காகப் படம் வாங்குகிற ஆட்கள் இங்கே குறைவு, அவர்களுக்காக மட்டும் காத்திருந்தால் வருடங்கள் போகும். ஆனால் ஒரு படம் தேவைப்படுகிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஓவியரிடம் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து வந்த ஒரு அம்மா போனார். 1990இல் பலாலிப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்த குடும்பம், வீடு இப்போது இல்லை. கையில் இருந்தது ஒரே ஒரு கலியாணப் படம், அதில் மணமகளின் தோளுக்குப் பின்னால் விறாந்தைத் தூண் ஒன்றும் ஓட்டுக் கூரையின் ஒரு மூலையும் தெரியும், அவ்வளவுதான். அதைப் பார்த்து முழு வீட்டையும் கீறித் தரச் சொன்னார். ஓவியர் ஆளை இருத்திவைத்து கிணறு எந்தப் பக்கம், சங்கடப்படலை இருந்ததா, முற்றத்தில் என்ன மரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா பாரிஸில் இருக்கிற தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தார், கிணறு கிழக்கா மேற்கா என்று அக்காவும் தம்பியும் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள், பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். பென்சில் கோட்டில் மூன்று தரம் மாற்றிய பிறகுதான் வர்ணம் தொட்டார் ஓவியர். அந்தப் படத்துக்கு அந்த அம்மா விலை பேசவே இல்லை. தம்பி தனக்கும் ஒன்று கேட்டார். ஓவியர் படத்தைக் கொடுக்க முன்னமே நல்ல தரத்தில் ஸ்கான் எடுத்து வைத்திருந்தபடியால் நல்ல கடதாசியில் பிரதி எடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப முடிந்தது.

அந்த ஸ்கான் விஷயத்தை மறக்காதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிக் கொடுத்தால் ஒழிய, படத்தை விற்றாலும் பதிப்புரிமை உங்களிடம்தான் இருக்கும், உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடங்களுக்கு. வாங்கினவர் சுவரில் மாட்டலாம், வேறொருவருக்கு விற்கலாம், ஆனால் நாட்காட்டியிலோ ரீசேட்டிலோ அச்சடிக்க உங்களைக் கேட்க வேண்டும். ஓடர் எடுத்துக் கீறும்போது பாதிக் காசை முன்னுக்கே வாங்குங்கள், பென்சில் கட்டத்தில் எத்தனை தரமும் மாற்றலாம், வர்ணம் பூசிய பிறகு மாற்றினால் தனிக் காசு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டு ஆட்கள் எப்போது வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். நல்லூர்த் திருவிழா 25 நாள், ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூட விடுமுறைக் காலமும் அதுதான். ஊருக்கு வந்தவர் திரும்பும்போது பெட்டியில் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பனங்கட்டியும் போக மிச்ச இடத்தில்தான் உங்கள் படம் போக வேண்டும். கண்ணாடி போட்ட பிரேமை யாரும் பிளேனில் கொண்டுபோக மாட்டார்கள். ஆகவே அந்தக் காலத்துக்கென்று சின்ன அளவில், பிரேம் இல்லாமல், பின்னால் மட்டை வைத்த படங்களைத் தயார் பண்ணுங்கள். தனிக் கடை எடுக்க வசதி இல்லாவிட்டால் நல்லூரைச் சுற்றியிருக்கிற விருந்தினர் விடுதிகளிலோ தெரிந்த ஒருவரின் கடையிலோ ஒரு மூலை கேளுங்கள்.

பெரிய கான்வஸ் அனுப்ப வேண்டி வந்தால் சட்டத்தில் இருந்து கழற்றிச் சுருட்டுங்கள், வர்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும், உள்ளே போனால் வர்ணம் மடிந்து வெடிக்கும். அக்ரிலிக் படத்தின் மேல் பொலித்தீனை நேரடியாகச் சுற்றவே வேண்டாம், எங்கள் வெயிலுக்கு இளகி ஒட்டிக்கொள்ளும். பேக்கரிக்காரர் தட்டில் விரிக்கிற ஒட்டாத கடதாசியை மேலே வைத்து, மட்டைக் குழாய் ஒன்றில் தளர்வாகச் சுற்றி, அதை ஹாட்வெயார் கடையில் வாங்குகிற அகலமான பிவிசி பைப்புக்குள் போட்டு இரண்டு பக்கமும் மூடிவிடுங்கள். காசு வங்கிக்கு நேரே வரட்டும், அல்லது வெஸ்டர்ன் யூனியனில் வரட்டும். வந்த பிறகு படம் போகட்டும்.

விடுதியிலோ உணவகத்திலோ படம் வைத்தால் எத்தனை படம், என்ன விலை, அவர்களுக்கு எத்தனை வீதம், விற்று எத்தனை நாளில் காசு, பழுதானால் யார் பொறுப்பு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். என் தங்கை ஒரு விடுதியில் வாய்ப்பேச்சில் ஆறு கைவேலைப் படங்கள் வைத்தாள். முகாமையாளர் மாறினார், மூன்று படம் எங்கே என்று புதியவருக்குத் தெரியாது. இன்றுவரை கிடைக்கவில்லை.

கொழும்பையும் விடாதீர்கள். கலா பொல என்று 1993 முதல் நடக்கிற ஓவியச் சந்தை இருக்கிறது, ஜோர்ஜ் கீற் மன்றம் நடத்துவது, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் தெருவோரமாகப் படங்களை வைத்து ஓவியர்களே பக்கத்தில் நின்று விற்பார்கள். பொல என்றால் சிங்களத்தில் சந்தை. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பாலும் வருடத் தொடக்க மாதங்களில் வரும். விற்பனை ஒரு பக்கம் இருக்கட்டும், முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால் நின்று விலை சொல்லிப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தனியாகப் போகாதீர்கள், உங்களோடு படித்த இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வான் வாடகை பிரியும்.

அப்பா சொல்வதையும் தள்ளாதீர்கள். ஓவியர் மாற்கு சித்திரம் படிப்பித்துக்கொண்டே கீறியவர்தான், அவரிடம் படித்தவர்கள் இன்றும் மாற்கு மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். மாதச் சம்பளம் ஒன்று இருந்தால் அவசரத்துக்கு அரை விலையில் படத்தைக் கொடுக்க வேண்டிய நிலை வராது. விண்ணப்பத்தைப் போடுங்கள்.

இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். 22 படங்களையும் காலை வெளிச்சத்தில் விறாந்தையில் வைத்து நேராகப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அளவும் விலையும் எழுதுங்கள். கருத்துப் புத்தகத்தை எடுத்து, பெயர் தெரிந்த ஆட்களுக்கெல்லாம் அவர்கள் எந்தப் படத்தைப் புகழ்ந்தார்களோ அந்தப் படத்தையே அனுப்பி, “இது இன்னும் என்னிடம் இருக்கிறது” என்று எழுதுங்கள். அடுத்த கண்காட்சிக்குப் புத்தகம் வைக்கும்போது தொலைபேசி இலக்கத்துக்கும் ஒரு கோடு அடித்து வையுங்கள்.