கீழே கடை, மேலே குடித்தனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலூர் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவில், ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த ஓட்டு வீடுகள் சிலவற்றை வாங்கி இடித்துவிட்டு, தரைத்தளத்தில் கடைகளும் முதல் தளத்தில் அலுவலகங்களும் அதற்கு மேல் வீடுகளுமாக ஒரு கட்டடம் எழுப்புகிறார்கள். பணி ஓய்வில் வந்த தொகையைக் கொண்டு அங்கே இரண்டு படுக்கையறை வீடு வாங்க விரும்புகிறேன். கீழே கடை இருந்தால் மேலே நிம்மதி இருக்காது என்று என் மகன் தடுக்கிறான். வாங்கலாமா? – வாசகி, நைனார்மண்டபம்

பதில்: கீழே வரப்போகும் கடை எது என்பதைப் பொறுத்தே உங்கள் மகன் சொல்வது சரியா தவறா என்று சொல்ல முடியும். அதை இப்போதே எழுத்தில் வாங்க முடியவில்லையென்றால், நான் அவர் பக்கமே நிற்பேன்.

கீழே வியாபாரம், மேலே குடித்தனம் என்பது புதுச்சேரிக்குப் புதிதன்று. பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள வீதிகளில் பல குடும்பங்கள் அப்படித்தான் வாழ்ந்திருக்கின்றன. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்ற வைசியாள் வீதிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தெருவை ஒட்டிய தாழ்வாரமும் திண்ணையும் வந்துபோகிறவர்களுக்கு, முற்றமும் அதற்கு அப்பாலும் வீட்டாருக்கு என்று, யார் எதுவரை வரலாம் என்பதைக் கட்டடமே சொல்லிவிடும். அங்கே கணக்குப் பார்த்தவரும் உள்ளே சாப்பிட்டவரும் ஒரே குடும்பத்தார் என்பதால் வியாபாரத்தின் தொல்லையையும் வருமானத்தையும் அவர்களே அனுபவித்தார்கள். உங்கள் தெருவில் எழும் கட்டடத்திலோ வருமானம் ஒருவருக்கும் தொல்லை வேறொருவருக்கும் போகும்.

இதில் பகுதியின் மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) துணி ஆலை இயங்கிய வரை முதலியார்பேட்டைப் பக்கத்துத் தெருக்கள் ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டவை. டீக்கடையும் மளிகைக் கடையும் தொழிலாளரை நம்பியே நடந்தன. 2020 ஏப்ரலில் ஆலை மூடப்பட்ட பிறகு, அந்தத் தெருக்களின் நிலத்துக்கு விலை சொல்வது கடலூர் சாலையின் போக்குவரத்துதான். எனவே கட்டுநர் மேல்தளத்து வீடுகளை விற்றுச் செலவை எடுத்துக்கொண்டு, சாலையைப் பார்த்த கடைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதிக வாடகை தருபவருக்கு விடவே விரும்புவார். அதிக வாடகை தருபவர் மருந்துக்கடைக்காரராக இருப்பது அபூர்வம். உணவகமாக இருக்கும், அல்லது நம் ஊரில் தெருவுக்குத் தெரு சண்டையாகிக்கொண்டிருக்கும், உணவோடு மதுவும் பரிமாறும் ரெஸ்டோ பாராக இருக்கும்.

விற்பனை அலுவலகத்தில் மாதிரிப் படத்தைக் காட்டுவார்கள். அதை ஒதுக்கிவிட்டு, அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள். கடைப்பகுதியிலிருந்து மொட்டைமாடிக்கு மேல் வரை செல்லும் புகைபோக்கிக் குழாய்க்கு அதில் இடம் விடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடம் விடாமல் பின்னால் உணவகம் வந்தால், பக்கச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு விசிறியைப் பொருத்துவார்கள். காலையில் வடை சுடும் எண்ணெய்ப் புகை நேராக இரண்டாம் தளத்துப் படுக்கையறைச் சன்னலுக்கு ஏறி, கொடியில் காயும் துணியிலும் கொசுவலையிலும் பிசுக்காகப் படியும். அடுத்து, எரிவாயு உருளைகள் வைக்கும் இடம், ஜெனரேட்டர் இடம், சரக்கு வண்டி நிற்கும் இடம் ஆகியவை வீட்டுக்காரர்களின் வாசலுக்கு எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள். வீடுகளுக்குத் தனி வாசலும் தனிப் படிக்கட்டும் தனி லிஃப்டும் இல்லாத கட்டடத்தை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டம் எதுவரை துணை வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, அனுமதி பெற்ற வரைபடத்தையோ பொதுப் பகுதிகளையோ மாற்ற வேண்டுமானால், முன்பதிவு செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் முன்கூட்டியே வேண்டும். இந்தக் கணக்கில் கட்டுநர் கையில் இருக்கும் கடைகள் சேராது. ஒருவர் எத்தனை வீடு வாங்கியிருந்தாலும் அவருக்கு ஒரே குரல்தான். ஆனால் துணிக்கடை இருந்த இடத்தில் நாளை உணவகம் வந்தால் வரைபடம் மாறிவிட்டதாகக் கொள்ள முடியாமல் போகலாம். ஆகவே மதுக்கடை, உணவகச் சமையல், இரவு நேர வியாபாரம் போன்றவை கூடாது என்ற நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் ஒப்பந்தம் கட்டுநரைத்தான் கட்டுப்படுத்தும். கடையை நாளை விலைக்கு வாங்குகிறவரைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், அதே நிபந்தனை கடைகளின் கிரயப் பத்திரத்திலும் குடியிருப்போர் சங்க விதிகளிலும் எழுதப்பட வேண்டும். கட்டுநர் இதற்குத் தயங்கினால், கடைக்கு ஆள் ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று என்றே நான் எடுத்துக்கொள்வேன். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அவருக்கு உரிமையில்லை. பணி ஓய்வில் வந்த பணம் என்பதால் இதில் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: இதே போன்ற ஒரு கட்டடத்தில் நிலத்தடியில் கார் நிறுத்துமிடம் தருவதாகவும் அதற்குத் தனி விலை என்றும் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகர், ரெயின்போ நகர்

பதில்: ரெயின்போ நகரில் இருந்துகொண்டு நிலத்தடி நிறுத்துமிடத்துக்குக் காசு கொடுக்க யோசிக்கும் உங்கள் துணிச்சலை மெச்சுகிறேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், உங்கள் நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தண்ணீர் நின்றதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். சரிவுப்பாதையின் தொடக்கம் சாலை மட்டத்தைவிட எவ்வளவு உயர்த்தப்பட்டிருக்கிறது, மின்சாரம் போனாலும் ஓடும் பம்பு இருக்கிறதா, மின்பலகையும் ஜெனரேட்டரும் நிலத்தடியில் இருக்கின்றனவா, தரைத்தளத்தில் இருக்கின்றனவா என்பவற்றைக் கேட்ட பிறகே விலையைப் பற்றிப் பேச வேண்டும். கீழே மின்பலகை மூழ்கினால் மேலே இருப்பவர்களுக்கு லிஃப்டும் இல்லை, தண்ணீரும் ஏறாது.

விலையைப் பொறுத்தவரை, திறந்தவெளி நிறுத்துமிடமும் பொது நிலத்தடித் தளமும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி பொதுப் பகுதிகள். அவற்றைத் தனியாக விற்க முடியாது. தூண்களுக்கு இடையே நான்கு பக்கமும் திறந்திருக்கும் ஸ்டில்ட் நிறுத்துமிடத்தைத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல், இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, தீர்ப்பளித்திருக்கிறது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள இடத்தையே சட்டம் கராஜ் என்கிறது; உங்களிடம் விலை கேட்கும் இடம் அப்படிப்பட்டதா என்று பாருங்கள். கடைகளும் உள்ள கட்டடத்தில் இன்னொரு வம்பு உண்டு: வாடிக்கையாளர் வண்டிகளுக்கு எத்தனை இடம், வீட்டுக்காரர்களுக்கு எத்தனை இடம் என்று வரைபடத்தில் பிரித்துக் காட்டாவிட்டால், பண்டிகை நாளில் உங்கள் இடத்தில் வேறொருவர் வண்டிதான் நிற்கும்.

கேள்வி: ஒரே கட்டடத்தில் வீடு வாங்கும் எனக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றும், கடை வாங்கும் என் தம்பிக்கு 12 சதவீதம் என்றும் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? – வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கட்டடத்தின் மொத்தக் கார்பெட் ஏரியாவில் (வெளிச்சுவர் நீங்கலான உள்பரப்பில்) வணிகப் பகுதி 15 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், கடைக்கும் 5 சதவீதம்தான். மொத்தம் 20,000 சதுர அடி என்றால் கடைகள் 3,000 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கடைக்கு 18 சதவீத வரி. விலையில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தின் மதிப்பாகக் கழிக்கப்படுவதால் உண்மையில் விழுவது 12 சதவீதம். உங்கள் வீட்டுக்கு இரண்டிலும் மாற்றமில்லை. அது 45 லட்சம் ரூபாய்க்குள்ளும் 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம் போதும். நிறைவுச் சான்று வந்த பிறகு முழு விலையையும் கொடுத்து வாங்குகிறவருக்கு இந்த வரியே கிடையாது.

கேள்வி: என் பூர்வீக வீட்டையும் பக்கத்து இரண்டு வீடுகளையும் சேர்த்துக் கூட்டாகக் கட்டலாம் என்று ஒரு கட்டுநர் கேட்கிறார். என் பங்காக ஒரு கடை தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? – வாசகர், முதலியார்பேட்டை

பதில்: கடை மட்டும் வாங்காதீர்கள், கடையும் வீடும் கேளுங்கள். கடை பூட்டிக் கிடக்கும் மாதங்களிலும் நீங்கள் எங்காவது குடியிருந்தாக வேண்டும். அதைவிட முக்கியமானது, யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பாகம். கடையின் விலை அதிகம் என்று காட்டி, அதற்குச் சேர வேண்டிய நிலப் பாகத்தைக் குறைத்து எழுதுவதுண்டு. நாற்பது ஆண்டுகள் கழித்துக் கட்டடம் இடிபடும்போது மிஞ்சுவது அந்தப் பாகம் மட்டுமே. பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்போது, கட்டுநரின் பங்கை விற்கும் அதிகாரத்தை மட்டும் கொடுங்கள். உங்கள் பங்கை நீங்களே மற்றவர்களுக்கு விற்கப்போகிறீர்கள் என்றால், ரியல் எஸ்டேட் சட்டத்தின் பார்வையில் நீங்களும் கட்டுநரோடு சேர்த்துப் பொறுப்பாளி ஆகலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இருந்தால் மூலதன ஆதாய வரி நிறைவுச் சான்று வரும் ஆண்டில்தான் விழும். அதற்கு முன்பே உங்கள் பங்கைக் கைமாற்றினால் அந்த வசதி போய்விடும்.

மூன்று வீடுகள் சேரும் இடத்தில் பழைய பத்திரத்தின் அளவும் நிலத்தின் அளவும் ஒத்துப்போவது அரிது. பத்திரத்தில் உள்ள ஆர்.எஸ். (மறு நில அளவை) எண்ணும், பிரெஞ்சுக்கால நில அளவைப் பதிவேட்டின் கதாஸ்தர் எண்ணும் பட்டாவோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, பக்கத்து வீட்டார் இருவரையும் உடன் வைத்துக்கொண்டு சர்வேயரை அளக்கச் சொல்லி, அந்த அளவை ஒப்பந்தத்தோடு இணைத்த பிறகே கையெழுத்திடுங்கள்.